அடையாளம் சொன்னவள்

விழா நடத்திக் கொடுக்கிற நம் தொழிலில் இருந்தவர்கள் இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில்தான் சந்தித்துக்கொள்கிறோம். விருந்தாளியாகப் போனாலும் பழக்கம் விடுவதில்லை. மேடை அலங்காரத்தைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டு, ஜெனரேட்டரை எங்கே வைத்திருக்கிறார்கள், பந்திக்குப் போக ஒரு வழியா இரண்டு வழியா, கரண்ட் போனால் கூட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்றுதான் நம் கண் தேடுகிறது. முழங்கால் தேய்ந்து, எங்கே நாற்காலி என்று பார்க்கிற வயதிலும் அது போகவில்லை.

போன மாதம் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கல்யாணத்தில் நீங்கள் நான்கைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடை ஒரு பக்கம் எறங்குனப்பக்கூட சிரிச்சுட்டு நின்னவ நீ. கொழந்தை காணோம்னா மட்டும் ஏன் அப்படி மாறிப்போயிருவே?" அந்த நேரம் பார்த்துப் பாயசம் வந்தது. பேச்சு வேறு பக்கம் போனது. நானும் அப்படியே விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி கூடவே வந்திருப்பது தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. அப்பா லாரியில் வடக்கே போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் முகம் காட்டுவார். அம்மா ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். அம்மாவுக்குக் கத்தாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரல். பள்ளி ஆண்டு விழாவில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, கோடைதோறும் கோயமுத்தூரில் பொருட்காட்சி போடுகிற காண்ட்ராக்டர் வீட்டுக்கே வந்து கேட்டார்.

"டீச்சருங்க, லீவுல சும்மாதான இருப்பீங்க. சாயங்காலம் மட்டும் வந்து மைக்குல பேசிக் குடுங்க. கெவுருமெண்டு ரேடியோவாட்ட இருக்குதுங்க உங்க கொரலு."

என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் கூடப் போனேன். அந்தக் கோடை முழுக்க என் மாலைகள் ஒரு தகர அறையில் கழிந்தன.

அறிவிப்பு அறை நுழைவாயிலுக்குக் கொஞ்சம் உள்ளே, மரணக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. கிணற்றுக்குள் மோட்டார் பைக் சுற்ற ஆரம்பித்தால் எங்கள் தகரச் சுவர் நடுங்கும். மேசை மேல் வைத்த தண்ணீரில் வளையம் வளையமாக அலை வரும். ஆம்பிளிஃபயர் சூடேறி ஒரு வாசனை அடிக்கும். அதோடு ஜெனரேட்டர் டீசல், வழியெங்கும் தூவிய பிளீச்சிங் பவுடர், டெல்லி அப்பளத்தின் மேல் போடுகிற மிளகாய்ப்பொடி. இன்றைக்கும் ஏதாவது மைதானத்தில் இந்த நான்கு வாசனையும் சேர்ந்து வந்தால் நான் முதலில் வாசல் எங்கே என்று பார்ப்பேன். எதிரில் வளையல்கடை பாய். அவர் கடையில் குழல்விளக்கு எரியத் தொடங்கியதும் கண்ணாடி வளையல்களின் வெளிச்சம் எங்கள் சுவரில் சிவப்பும் பச்சையுமாக விழும்.

அறையின் பின்பக்கம் ஓர் அலமாரி. தொலைந்த பொருள்களை அதில் வைப்பார்கள். ஒற்றைச் செருப்புகள், டிபன் கேரியரின் மூடி மட்டும், ஒரு பல்செட்டு, பால்புட்டி, திருகு இல்லாத ஒற்றைக் கொலுசு. யாரும் கேட்டு வராத பொருள்கள். அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார எனக்குப் பயமாக இருக்கும்.

அம்மாவின் வேலை பாதி விளம்பரம் வாசிப்பது. மீதி காணாமல் போன குழந்தைகள். ஒரு நாளைக்கு நாலைந்தாவது வரும். பலூன்காரர் கொண்டுவந்து விடுவார், போலீஸ்காரர் தூக்கிக்கொண்டு வருவார். அம்மா குழந்தையைப் பெஞ்சில் உட்காரவைத்து, பன் கொடுத்து, அழுகை அடங்கியதும் பெயரைக் கேட்பார். பிறகு மைக்கின் மேல் சுற்றிய கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பிப்பார்.

"அன்பார்ந்த பெற்றோர்களின் கவனத்துக்கு. ஆண் குழந்தை. வயது மூன்று இருக்கலாம். பெயர் இன்னது. நீலச் சட்டை, இடுப்பில் வெள்ளி அரைஞாண், காலில் செருப்பு இல்லை. அறிவிப்பு அறையில் இருக்கிறான். பெற்றோர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்."

கேட்டீர்களா? நம் தொழில்காரர்களுக்கு இந்நேரம் முதுகு சில்லிட்டிருக்கும். ஆனால் அன்றைக்கு அந்த மைதானத்தில் இருந்த ஒருவருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. எல்லா ஊர்ப் பொருட்காட்சியிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

பெற்றவர்கள் ஓடி வருவார்கள். அடித்துவிட்டு அணைப்பார்கள், அணைத்துவிட்டு அடிப்பார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை இருந்தது. வீட்டில் அப்பா இல்லாமல், யாருடைய நன்றியும் இல்லாமல் கழிந்த நாள்களில் அந்தத் தகர அறை அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

எங்கள் அறைக்கு ஒரு பெண் எப்போது முதல் வரத் தொடங்கினாள் என்று சரியாக நினைவில்லை. பொருட்காட்சி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கலாம். அம்மாவின் வயதுதான். இலைப்பச்சை வாயில் சேலை, படிய வாரிய தலை, மல்லிகை, பழுப்பு நிறக் கைப்பை. உடுமலைப் பக்கம் ஊர் என்றாள். உள்ளே ஊறுகாய்க் கடை போட்டிருப்பது தன் அண்ணன் என்றும், கடை கட்டும்வரை காத்திருக்க வேண்டும், சத்தத்தில் தலை வலிக்கிறது, இங்கே சித்த நேரம் உட்காரலாமா என்றும் கேட்டாள்.

"உக்காருங்க, பெஞ்சு சும்மாதான கெடக்குது" என்றார் அம்மா.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். முறுக்குப் பொட்டலம் கொண்டுவந்து, அழுகிற குழந்தைகளுக்கு ஒவ்வொன்றாக ஒடித்துக் கொடுப்பாள். குழந்தைகள் அவளிடம் சட்டென்று அடங்கின. அம்மா விளம்பரம் வாசிக்கும்போது அவளே குழந்தையை மடியில் வைத்துக்கொள்வாள். பாய்கூட அவளுக்கு ஒரு டஜன் வளையலை விலை குறைத்துக் கொடுத்தார். "நல்ல மனசும்மா அவங்களுக்கு" என்று அம்மாவிடம் சொன்னார்.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அவ்வளவு நாள் வந்தும் அவள் ஒரு ராட்டினம் ஏறவில்லை, ஓர் அப்பளம் தின்னவில்லை. பெற்றோர் வந்து குழந்தையை அள்ளும்போது நாங்கள் எல்லாரும் குழந்தையைப் பார்ப்போம். அவள் பெற்றோரைப் பார்ப்பாள். அவர்கள் முகம், நடை, என்ன சொல்லி அழுகிறார்கள் என்பது வரை கவனமாகப் பார்ப்பாள். ஒருநாள் என் ரிப்பன் அவிழ்ந்திருந்தது. கூப்பிட்டு மறுபடி கட்டிவிட்டாள். அந்த வெயில் காலத்திலும் விரல்கள் குளிர்ந்திருந்தன.

"இவளும் தனியாத்தான் சுத்துவாளாங்க?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"இவளா? என்ற முந்தானைய வுட்டு நகர மாட்டா" என்று அம்மா சிரித்தார்.

இன்னொரு நாள், கூட்டம் குறைந்த ஒரு சாயங்காலம், பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"பெத்தவங்கதானான்னு எப்படிங்க டீச்சர் கண்டுபுடிப்பீங்க? யாரு வேணா வந்து என்ற புள்ளன்னு சொல்லலாமுங்களே."

அம்மா மைக்கை அணைத்துவிட்டு, வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி விளக்கினார். "அதுக்கு நான் ஒரு ஏற்பாடு வெச்சிருக்கறனுங்க. மூணு கேள்வி. பேரென்ன, என்ன உடுப்பு, கையில கால்ல காதுல என்ன போட்டிருக்குது. பொய் சொல்ல வந்தவங்க மூணாவதுல மாட்டிக்குவாங்க."

"நல்ல ஏற்பாடுங்க" என்றாள் அவள். முறுக்கை ஒடித்து எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். நான் வாங்கவில்லை. மரியாதை தெரியாத பிள்ளை என்று அன்று வீட்டில் திட்டு வாங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே புழுங்கியது. காற்று அசையவில்லை. மாலையில் கூட்டம் வரத் தொடங்கியபோது மைதானத்து மண் கிளம்பி, போகாமல் அங்கேயே நின்றது. விளக்குகளைச் சுற்றி மஞ்சளாகப் புழுதி வட்டம். மில்களுக்கு விடுமுறை, ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. பேய் வீட்டில் போடுகிற கேசட்டின் அலறல் நாடா இழுத்துக்கொண்டு, ஓர் ஆம்பளை அழுவதைப்போல் வந்தது. அதை மாற்றச் சொல்லி அம்மா இரண்டு முறை ஆள் அனுப்பினார். மாற்றவில்லை.

விளக்குப் போட்ட நேரத்துக்குப் பலூன்காரர் ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தார். நாலு வயது இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் புதுக் கவுன், பின்பக்கம் பெரிய முடிச்சு. காதில் பொட்டுத் தங்கத் தோடு, காலில் வெள்ளிக் கொலுசு, தலையில் இரண்டு குடுமி. பெயரைத் தெளிவாகச் சொன்னாள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எங்காவது இருப்பாள், அவளுக்கும் நம்மைவிடக் கொஞ்சம் குறைந்த வயதுதான். ஊர் எது என்று கேட்டதற்கு "மில்லு" என்றாள். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

அம்மா மைக்கைப் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். பெயர், வயது, ஆரஞ்சுக் கவுன், தங்கத் தோடு, வெள்ளிக் கொலுசு, இரட்டைக் குடுமி. சொல்லி முடித்தபோது பெஞ்சின் மறுமுனை காலியாக இருந்தது. அதுவரை அந்தப் பச்சைச் சேலைக்காரி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வந்தவர் ஓர் ஆண். தலைமுடியில், புருவத்தில், காது மடலில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. சட்டையில் எண்ணெய்க் கறை. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தும் உடம்பு லேசாக ஆடியது.

"ஏனுங்க, என்ற புள்ளைங்க அது."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பேரு?"

பெயரைச் சரியாகச் சொன்னார்.

"என்ன உடுப்பு போட்டிருக்குது?"

அவர் உள்ளே எட்டிப் பார்க்க முயன்றார். குழந்தை அம்மாவின் சேலைக்குப் பின்னால் இருந்தாள். "செகப்புங்க. இல்லீங்க, ரோசுங்களோ. புதுத் துணிங்க. அவங்க மாமன் எடுத்துக் குடுத்தது. நான் பாக்கலீங்க."

"காதுல என்ன?"

"தோடு இருக்குமாட்டங்க."

"இருக்குமாட்டமா? பெத்த அப்பனுக்குத் தெரியாதுங்களா?" அம்மாவின் குரல் ஏறியது. "குடிச்சிருக்கீங்களா?"

"அய்யோ, இல்லீங்க அம்மா. மத்தவங்களுக்குத்தான் இன்னைக்கு லீவுங்க. மிசினு பாக்கற ஆளுக்குக் கெடையாது. ரெண்டு சிப்ட்டு சேந்தாப்புல நின்னுபோட்டு நேரா வாரேனுங்க. ஊட்ல அவங்க முந்தியே வந்துட்டாங்க. கண்ணு, அப்பா வந்துட்டேன் பாரு."

குழந்தை இன்னும் உள்ளே ஒடுங்கி, பெரிதாக அழுதாள். முந்தின நாளிலிருந்து பார்க்காத, பஞ்சும் எண்ணெயுமாக நின்ற அப்பாவை, அதுவும் தொலைந்துபோனதற்கு அடி விழும் என்கிற பயத்தில், ஒரு குழந்தை வேறு எப்படிப் பார்க்கும்? இப்போது யோசித்தால் எல்லாம் தெரிகிறது. அப்போது அந்த அழுகையே அம்மாவுக்குப் போதுமான சாட்சியாகிவிட்டது.

"ஊட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு வாங்க. குடுத்தர்றேன்" என்றார்.

அவர் சண்டை போடவில்லை. "சரிங்க. நீங்க கேக்கறதும் நல்லதுக்குத்தானுங்க" என்றார். குழந்தையைப் பார்த்து, "அளுகாத இரு கண்ணு, அம்மாளக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பச்சைச் சேலைக்காரி வந்தாள். மூச்சு இரைத்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"அடக் கண்ணு, இங்கயா இருக்கறே? டீச்சர், எங்க அண்ணம் புள்ளைங்க. அண்ணி அங்க மயக்கம் போட்டு உளுந்துட்டாங்க."

"உங்க அண்ணம் புள்ளையா? சித்த முந்திக்கூட இங்கதான இருந்தீங்க" என்றார் அம்மா.

"மொகத்தச் சரியா பாக்கலீங்களே. ஒரே கூட்டமா இருந்துச்சு. அங்க போனா புள்ளயக் காணோம்கறாங்க."

அம்மாவுக்கு ஒரு நொடி தயக்கம் இருந்தது. நான் பார்த்தேன். ஆனால் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு ஒடித்தவளை எப்படிச் சந்தேகப்படுவது? அரைச் சிரிப்போடு, "இருந்தாலும் கேக்கோணுமுங்க, தப்பா நெனைக்காதீங்க" என்று மூன்று கேள்வியையும் கேட்டார்.

அவள் கடகடவென்று சொன்னாள். பெயர், ஆரஞ்சுக் கவுன், தங்கத் தோடு, வெள்ளிக் கொலுசு, இரட்டைக் குடுமி. அம்மா மைக்கில் சொன்ன அதே வரிசை. அம்மா சொன்னதையே அம்மாவிடம் திருப்பிச் சொன்னாள்.

"ஒருத்தரு வந்தாருங்க, அப்பான்னு சொல்லிட்டு" என்றார் அம்மா.

"அந்தக் குடிகாரனுங்களா? நாலு நாளா எங்க பின்னாலயே சுத்தறானுங்க. நல்ல வேளை, நீங்க குடுக்கல."

"எனக்கு அப்பவே தோணுச்சு" என்றார் அம்மா.

இந்த மூன்று சொற்கள் எங்கள் வீட்டில் பிறகு எப்போதும் யாராலும் சொல்லப்படவில்லை. வேறு எந்தப் பேச்சிலும்கூட.

குழந்தை முறுக்கை வாங்கிக்கொண்டு இறங்கினாள். அழவில்லை. போகும்போது ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். கவுனின் பின்முடிச்சு அவிழ்ந்து தரையில் இழுபட்டது. பிறகு கூட்டம் அவர்களை மூடிக்கொண்டது.

பஞ்சு ஒட்டிய மனிதர் திரும்பி வந்தபோது கூட ஒரு பெண் இருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, அழுது வீங்கிய முகம். அவள் ஜன்னலில் நிற்கவில்லை. நேராக அறைக்குள் வந்து, பெஞ்சைப் பார்த்தாள், மேசைக்கடியில் பார்த்தாள், அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள்.

"புள்ள எங்கீங்க?" என்றாள்.

அம்மா பாய்ந்து மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் கேளுங்க. பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், ஆரஞ்சுக் கவுன் போட்ட குழந்தையோட போறாங்க. அவங்கள விடாதீங்க. கேட்டச் சாத்துங்க. யாராவது கேட்டச் சாத்துங்க."

அந்தக் குரல் நடுங்கி, மைதானம் முழுக்க உள்ள கூம்பு ஸ்பீக்கர்களில் கீச்சென்று போனது. எதிரில் பாய் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு வாசலை நோக்கி ஓடினார். ராட்டினத்தில் யாரோ அலறினார்கள். அது வழக்கமான அலறலா, இதைக் கேட்டு வந்ததா என்று தெரியவில்லை.

காண்ட்ராக்டர் அறைக்குள் வந்தார். ஒரு வார்த்தை அதட்டவில்லை. அம்மாவின் கையிலிருந்து மைக்கை, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி மெதுவாக வாங்கினார்.

"டீச்சருங்க, கேட்டெல்லாம் சாத்த முடியாதுங்க. உள்ள எத்தன சனம் இருக்குதுன்னு பாத்தீங்களா? சாத்துனா முட்டிக்கிட்டுச் செத்துப்போயிருவாங்க."

"கொளந்தைய யாரோ கொண்டுபோயிட்டாங்க. நானே தூக்கிக் குடுத்துட்டேனுங்க."

"ஆளு அனுப்பித் தேடலாமுங்க. நீங்க உக்காருங்க." பிறகு மைக்கில், அம்மாவைப்போலவே நிதானமாக, "பொதுமக்கள் அமைதியாக இருக்கவும், ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு, அன்றைய குலுக்கல் பரிசுச் சீட்டின் விளம்பரத்தை வாசிக்க ஆரம்பித்தார். அந்தத் தாய் அவருக்கு எதிரில் நின்றுகொண்டு அதைக் கேட்டாள். குக்கர், மிக்ஸி, முதல் பரிசு சைக்கிள்.

பல வருடம் அந்த மனிதரை நான் கொலைகாரன் என்று நினைத்தேன். பிறகு தொழிலுக்கு வந்தபோது, கூட்டத்துக்கு நடுவில் கேட்டைச் சாத்தினால் என்ன ஆகும் என்று கற்றுக்கொண்டேன். அவர் சொன்னதில் பாதி சரி. வாசலை ஒற்றை வழியாக்கி, இரண்டு ஆளை நிறுத்தி, குழந்தையோடு போகிற ஒவ்வொருவரையும் மெதுவாக அனுப்பியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை. குலுக்கல்தான் தோன்றியது.

பாய் வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியிருக்கிறார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "எங்கயும் இல்லம்மா" என்றார்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் குழந்தை கிடைத்தாள். அவிநாசியில், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பூக்கடை ஓரமாக உட்கார்ந்திருந்தாளாம். தலையை மொட்டையடித்திருந்தார்கள். கவுனுக்குப் பதிலாகப் பையன் போடுகிற டவுசரும் சட்டையும். தோடும் கொலுசும் இல்லை. பச்சைச் சேலைக்காரி அவளை ஏன் அங்கே விட்டுவிட்டுப் போனாள், எங்கே கொண்டுபோக நினைத்திருந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் கடைசிவரை அகப்படவில்லை. ஊறுகாய்க் கடைக்காரருக்குத் தங்கையே கிடையாது. அம்மாவைப் பல முறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் புகைப்படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருப்பார்.

அம்மா பிறகு பொருட்காட்சிக்குப் போகவில்லை. எங்கள் வீடு மைதானத்துக்கு அவ்வளவு தூரமில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஸ்பீக்கர் கேட்கும். மறுநாளே வேறொரு குரல் வந்துவிட்டது. அதே வார்த்தைகள். என்ன கவுன், என்ன நிறம், காதில் என்ன, காலில் என்ன. பெற்றோர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும். அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். அந்தப் புழுக்கத்தில் நாங்கள் ஜன்னல் சாத்திய வீட்டில் உட்கார்ந்திருப்போம். அதற்குப் பிறகு அம்மாவின் குரல் தாழ்ந்துபோய்விட்டது. பள்ளியில் பிரார்த்தனை சொல்வதைக்கூட விட்டுவிட்டார். பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் எனக்குக் கேட்காது.

நான் படித்து முடித்தபோது 'ஈவென்ட்' என்கிற சொல் நம் ஊருக்கு அப்போதுதான் வந்திருந்தது. நீங்களும் நானும் சேர்ந்த காலம். மற்றவர்கள் பூவையும் விளக்கையும் பற்றிப் பேசினால் நான் வாசலை அளந்துகொண்டிருப்பேன். அதற்காகவே சீக்கிரம் புராஜெக்ட் மேனேஜர் ஆக்கினார்கள். என் முதல் பெரிய வேலை ஒரு துணிக் கம்பெனி நடத்திய குழந்தைகள் திருவிழா. உங்களில் சிலருக்கு அது எப்படி முடிந்தது என்று தெரியும். ஏன் என்று தெரியாது.

பகல் நேரம், நல்ல கூட்டம். ஒரு பையனைக் காணோம். நான் பாட்டை நிறுத்தச் சொன்னேன், வாசல்களை ஒற்றை வழியாக்கினேன், ஆள்களைப் பிரித்து அனுப்பினேன். கம்பெனிக்காரர் மேடையிலிருந்து மைக்கோடு ஓடி வந்தார்.

"பேரச் சொல்லி அனௌன்ஸ் பண்ணுங்க மேடம். என்ன சட்டைன்னு சொல்லுங்க. ஒரு நிமிசத்துல கெடச்சிருவான்."

"சொல்லக்கூடாதுங்க."

"என்னது?"

"பேரும் சொல்லக்கூடாது, சட்டையும் சொல்லக்கூடாது. மைக்கக் கீழ வையுங்க."

பையனின் அம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நீயெல்லாம் பொம்பளையா?" என்று கன்னத்தில் ஒன்று வைத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். மைக்கில் பேச விடவில்லை. பையன் பந்துக் குளத்தில் பந்துகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வந்திருப்பது அவன் அப்பாதானா என்று உறுதிப்படுத்தாமல் கொடுக்க மாட்டேன் என்று இன்னொரு முறையும் நின்றேன். அந்த அப்பா கம்பெனிக்காரருக்குச் சொந்தக்காரர் வேறு. மறுநாள் அடுத்த வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். என் கன்னத்தைப் பார்த்தார். பிறகு, அவ்வளவு வருடத்தில் முதல் முறையாக, அந்தக் கோடையைப் பற்றிப் பேசினார்.

"நான் அவங்க ஊட்டுக்குப் போனேன். உனக்குத் தெரியாது."

குழந்தை கிடைத்து ஒரு மாதம் இருக்கும் என்றார். தன் தோட்டை அழித்துச் சின்னதாக ஒரு ஜோடி செய்து எடுத்துக்கொண்டு, மில் லைன் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். திட்டுவார்கள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நினைத்துத்தான் போனாராம். அந்த மனிதர் வாசலில் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எழுந்து, "வாங்க அம்மா, உக்காருங்க" என்று சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் மன்னிச்சுக்கோங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அவரு சொல்றாரு, நீங்க கேட்டது நியாயந்தானுங்க, அப்பன்னா தெரிஞ்சிருக்கோணுமுங்க. இப்பெல்லாம் பாத்துக்கறேனுங்கறாரு. சொல்லிப்போட்டு, உள்ள திரும்பிப் பாக்காமயே சொல்றாரு. பெரியவளுக்கு இன்னைக்கு ஊதாப் பாவாடைங்க, வெள்ள ரவுக்கை, பித்தான் ஒண்ணு இல்ல. சின்னவனுக்கு மஞ்சச் சட்டை, இடுப்புல கறுப்புக் கயிறுங்க. தெனமும் வேலைக்குப் போகு முந்தி நிக்க வெச்சுப் பாத்துட்டுத்தான் போறேனுங்க அப்படீன்னாரு. பாடம் ஒப்பிக்கற மாதிரி. என்னை ஒரு பேச்சுத் திட்டல."

அம்மா அவரையின் நாரை உரித்து முறத்தில் போட்டார்.

"தோட்ட வாங்கிக்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"குடுக்கவே இல்ல. குடுக்கறதுக்கு முந்தி அந்தப் புள்ள வந்துட்டா."

"வந்து?"

"உள்ளயிருந்து என்னை எட்டிப் பாத்தா. தலைல அப்பத்தான் முடி மொளச்சிருந்துச்சு. கிடைச்சதுலருந்து பேசறதே இல்லீங்கன்னு அவரு சொல்லிட்டிருக்காரு. அவ மெல்ல வந்து, வாசல்ல கெடந்த செருப்பப் போட்டுக்கிட்டா. ஒரு கால்ல, இன்னொரு கால்ல. வந்து என்ற பக்கத்துல நின்னு கையப் புடிச்சுக்கிட்டா."

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார்.

"நான் கூப்புடவே இல்ல கண்ணு. மறுபடி யாருகிட்டயோ போறதுக்குத் தயாரா வந்து நின்னா. அவங்கப்பன் பாத்துக்கிட்டே நிக்கறாரு."